பழ ஈக்களும் வாசனைப் பொறிகளும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி, முதலமடை ஊராட்சி அமைந்துள்ளது. நாட்டின் பல பகுதிகளுக்கு முன்னதாகவே இங்கு மா காய்த்துச் சந்தைக்கு வந்துவிடும். முன்விளைச்சலுக்குக் கிடைக்கும் விலையே இவ்வூர் உழவர்களின் பலம். அப்பலத்தைக் குலைக்க வல்லது பழ ஈ. வெளியே மாசற்றுத் தோன்றும் பழத்தை அறுத்தால் உள்ளே புழு நெளியும். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழங்களுக்குத் தடை விதித்ததற்கு இப்பூச்சியே காரணம். தடையை நீக்கும் முடிவு 2015 ஜனவரியில்தான் வந்தது.

மருந்து தெளித்து இதனை ஒழிப்பது எளிதன்று. புழு பழச் சதைக்குள்ளும், கூட்டுப்புழு மண்ணுக்குள்ளும் மறைந்திருக்கின்றன. எனவே ஈயின் மோப்ப உணர்வையே அதற்கு எதிராகத் திருப்பும் முறை கையாளப்படுகிறது.

பூச்சிகள் பெரும்பாலும் வாசனையாலேயே ஒன்றையொன்று அறிகின்றன. ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தின் மற்றோர் உயிரைச் செயற்படத் தூண்டும் பொருளுக்கு 'பெரோமோன்' என்னும் பெயர் 1959-இல் சூட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து 'பாம்பிகால்' என்னும் இனக்கவர்ச்சிப் பொருளை ஜெர்மானிய அறிஞர் புடெனாண்ட் குழுவினர் பிரித்து அறிந்தனர். பட்டுப்பூச்சியில் பெண் அழைக்க, ஆண் வருகிறது. மாமரப் பழ ஈயிலோ மாலை மயங்கும் நேரத்தில் ஆண் அழைக்க, பெண் வருகிறது!

இத்துறையின் முதல் அடிகளுள் ஒன்று நம் நாட்டில்தான் எடுத்து வைக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெய் பழ ஈக்களை ஈர்ப்பதையும், வருபவை ஆண்களே என்பதையும் 1912-இல் வெளியிட்டார். ஈர்க்கும் பொருள் மீதைல் யூஜினால் என்பதை 1915-இல் அவரே எடுத்துரைத்தார். நம் வீட்டு முற்றத்துத் துளசியிலும் இப்பொருள் உண்டு. கேரளத்தில் துளசி இலையைக் கசக்கி, சிரட்டையில் இட்டு, நஞ்சு கலந்து மரத்தில் தொங்கவிடும் எளிய பொறி இதனால்தான் பயன் தந்தது.

ஆண் ஈ மீதைல் யூஜினாலை ஆவலுடன் உண்பது ஏன்? உண்ட பொருளை அது தன் உடலில் மாற்றி, மலக்குடற் சுரப்பியில் சேமித்து, பெண்ணை அழைக்கும் மணமாக வெளியிடுகிறது. உண்ட ஆணுக்கே இணை எளிதில் கிடைக்கிறது. எனவேதான் அது பொறியை விலக்கிச் செல்வதில்லை. சாராயம், மீதைல் யூஜினால், மாலத்தியான் ஆகியவற்றை 6:4:1 அளவில் கலந்து, அதில் ஊறவைத்த ஒட்டுப்பலகைத் துண்டே பொறியின் உட்பொருள்.

இங்கு ஒரு குறையை மறைத்தல் தகாது. பொறியில் விழுவது ஆண் மட்டுமே. பழத்தைத் துளைப்பது பெண். எஞ்சும் சில ஆண்களே பல பெண்களுடன் இணைந்துவிடும். ஒரு தோப்பில் மட்டும் பொறி வைத்தால், இணைந்து முடித்த பெண் ஈ பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்து வரும். ஜப்பான் தன் தென்மேற்குத் தீவுகளில் இம்முறையால் கீழைப் பழ ஈயை 1986-இல் அறவே ஒழித்தது. ஆனால் அங்கே கடல் வேலியாக இருந்தது. முதலமடைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே அத்தகைய வேலி ஏதுமில்லை. ஈக்கு மாநில எல்லை தெரியாது. இருபுறத்து வேளாண் அலுவலர்களும் ஒரே காலத்தில் பொறி வைக்கச் செய்து, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் புதைக்கவும் ஏற்பாடு செய்தாலன்றி முழுப்பயன் கிட்டாது என்பதே எம் கருத்து.

பொருள் மாறினால் ஈயும் வராது. பாகல், புடலை ஆகியவற்றைத் தாக்கும் ஈயினம் மீதைல் யூஜினாலைப் பொருட்படுத்துவதில்லை. அதற்குக் 'கியூலூர்' வேண்டும். இடுக்கியின் ஏலமலைகளில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. ஏலத்தின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு, ஆமணக்கைத் தாக்கும் புழுவின் இனமே என நெடுங்காலம் கருதப்பட்டது. 2018-இல் அது தனி இனமென விவரிக்கப்பட்டு, சகியாத்திரியின் பெயரையே பெற்றது. வேறோர் இனத்துக்கெனக் கண்டறிந்த கவர்ச்சிப் பொருளை வாங்கி ஏலத்தோட்டத்தில் தொங்கவிடுமுன், பொறியில் விழும் அந்துப்பூச்சி எவ்வினம் என்பதைப் பார்த்துக்கொள்வது நலம்.