பேரேடு கணினிக்குப் போகும் முன்...



குழுக் கணக்கைக் கணினியில் ஏற்றும் ‘இ-சக்தி’ திட்டத்தை நபார்டு 2015-ல் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் தொடங்கியது. சேமிப்பும் கடனும் உறுப்பினர் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தன.

புதுச்சேரியில் நாமும் ஏட்டுக் கணக்கைக் கணினிக்கு மாற்றும்போது ஒன்றை நினைவில் வைப்போம். ஏட்டில் உள்ள தப்பு அப்படியே கணினியிலும் ஏறும். ஒரு தவணை விட்டுப்போனால், கட்டிய அக்காவே பாக்கிக்காரர் ஆகிவிடுவார்.

ஆகவே,

1. ஒரு தேதி குறித்து, அன்றைய கையிருப்பையும் வங்கி இருப்பையும் சரிபார்ப்போம்.

2. ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் பேரேட்டோடு ஒப்பிட்டு, கூட்டத்தில் உரக்கப் படிப்போம்.

3. கணினியில் ஏற்றியபின் பிரிண்ட் எடுத்து மறுபடி ஒப்பிடுவோம்.

4. மூன்று மாதம் ஏட்டையும் சேர்த்தே எழுதுவோம். பழைய ஏட்டைத் தூக்கிப் போடாதீங்க.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் “என் பாக்கி எவ்வளவு?”ன்னு தயங்காமல் கேட்கணும். அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்!