புல்தரையும் பரப்பளவும்

வேரும் ஒட்டிய மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த புல்துண்டுகளைப் பதித்துப் புல்தரை அமைக்கும்போது, தேவையைத் தோராயமாகச் சொன்னால் போதும் என்பது பலருடைய எண்ணம். செங்கல் மீந்தால் அடுக்கி வைக்கலாம். புல்லோ உயிருள்ள பொருள். வெயிற்காலத்தில் பெயர்த்த ஒரு நாளைக்குள் பதித்துவிட வேண்டும். அடுக்கிலேயே கிடந்தால் உள்ளே வெப்பம் மிகுந்து மஞ்சளித்து மடியும். குறைந்தாலோ, மீண்டும் ஒரு வண்டி வாடகை!

12 மீட்டர் நீளமுள்ள நேரான சுவருக்கும் வளைந்த பாதை ஒன்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை எடுத்துக்கொள்வோம். மிகுந்த அகலம் 5.5 மீட்டர். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 66 சதுர மீட்டர். இது மிகை. சுவரோரமாக 2 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் பாதைவரை செங்குத்தாக அளக்க வேண்டும். கிடைத்த அளவுகள்: 4.0, 4.6, 5.2, 5.5, 5.2, 4.4, 3.4 எனக் கொள்வோம்.

இங்கே நமக்கு உதவுவது வகுப்பில் படித்த சிம்ப்சன் விதியே. தாமஸ் சிம்ப்சன் (1710–1761) பெயரால் வழங்கினாலும், மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றிக் கெப்ளர் 1615-இல் வெளியிட்ட நூலிலேயே இதன் கருத்து உண்டு. முதல், கடைசி அளவுகளின் கூடுதல் 7.4, இரட்டை இடத்து அளவுகளின் நான்கு மடங்கு 58, எஞ்சியவற்றின் இரு மடங்கு 20.8. மொத்தம் 86.2. இதை 2/3 ஆல் பெருக்க, 57.47 சதுர மீட்டர். நடுவே 2 மீட்டர் விட்டமுள்ள மரப்பாத்தி இருப்பின் 3.14 கழியும், மீதி 54.33. ஒரு துண்டு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் எனில் 302 துண்டுகள் வேண்டும்.

இனிச் சேதாரம். வழக்கமாக நூற்றுக்குப் பத்து என்பர். ஆனால் வெட்டுச் சேதம் நிகழ்வது ஓரத்தில்தானே? அது பரப்பைப் பொறுத்ததன்று, ஓரத்தின் நீளத்தைப் பொறுத்தது. துண்டுகளைச் சுவருக்குச் செங்குத்தாக அடுக்கினால் 40 வரிசை. பாதையோரம் வரிசைக்கு ஒரு வெட்டு, சராசரியாக அரைத் துண்டு வீண், ஆக 20. பாத்தியைச் சுற்றி ஏறத்தாழ 7. மொத்தம் 329 துண்டுகள். சேதாரம் நூற்றுக்கு ஒன்பது. இதே வடிவத்தை நீளம், அகலம், பாத்தி எல்லாவற்றிலும் இரட்டித்துப் பாருங்கள். பரப்பு நான்கு மடங்காகும், சேதாரமோ இரு மடங்கே, நூற்றுக்கு நாலரைதான். சிறிய, வளைந்த தோட்டத்திற்கும் பெரிய மைதானத்திற்கும் ஒரே விழுக்காடு கூறுவது கணக்கறியாதார் வழக்கு.

சரிவான நிலமாயின் டேப்பைத் தரையை ஒட்டியே பிடிக்க வேண்டும். நில அளவையாளரைப் போலக் கிடைமட்டமாகப் பிடித்தால் குறையும்.

விற்பவர் சதுர அடியில் விலை சொன்னால் 10.76 ஆல் பெருக்குக. நம் 329 துண்டுகள் 59.22 சதுர மீட்டர். ஏறத்தாழ 637 சதுர அடி. ஒரு மீட்டருக்கு 3.28 அடிதானே என்று அதனால் பெருக்கியவர் வீட்டில் 194 சதுர அடிப் புல்தான் வந்து இறங்கும்.