தவிட்டோடு போகும் உயிர்ச்சத்து: கம்போடிய ஆய்வு கூறும் பாடம்

கம்போடியாவில் வாழும் க்மெர் மக்களுக்கு நெல்தான் முக்கியப் பயிர். சோறுதான் முக்கிய உணவு. அவர்கள் பேச்சில் 'சாப்பிடுவது' என்பதையே 'சோறு உண்பது' என்றுதான் சொல்கிறார்கள். உடலுக்குக் கிடைக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்தே வருகிறது. ஆயினும் அரிசியைத் தயாரிக்கும் முறையில் உள்ள ஒரு குறையால் அங்கு பச்சிளங் குழந்தைகள் இறந்திருக்கின்றன. அரிசிச் சோறு உண்ணும் நம் விவசாயக் குடும்பங்களும் தெரிந்து கொள்ள வேண்டிய செய்தி இது.

ஓசையில்லாத அழுகை

'குழந்தை பெரிபெரி' என்ற இந்நோய், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைப் பெரும்பாலும் 2 முதல் 6 மாதத்துக்குள் தாக்குகிறது. நன்றாக இருந்த குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும். குரல் கம்மிப் போய், வாய் திறந்து அழுதாலும் ஓசை வராது. கவனிக்காவிட்டால் இருதயம் செயலிழந்து, சில சமயம் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். இதற்குக் காரணம் கிருமி அல்ல. தயாமின் எனப்படும் வைட்டமின் பி-1 குறைவுதான். இச்சத்தை ஊசி மூலம் உடனே செலுத்தினால் சில மணி நேரத்தில் குழந்தை தேறத் தொடங்கும்.

2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்ட கம்போடியக் குழந்தைகளோடு நோய் இல்லாத குழந்தைகளின் இரத்தமும் சோதிக்கப்பட்டது. நோய் இல்லாதவர்களிடமும் தயாமின் குறைவாகவே இருந்தது. தாயின் உணவில் தயாமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறைகிறது. தாய் திடமாகத் தோன்றும்போதே குழந்தை நோயில் விழக்கூடும்.

சத்து எங்கே போகிறது?

நெல்லில் தயாமின் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலும் உள்ளது. கம்போடியர்கள் நெல்லை அவிக்காமல் அரைத்து, வெண்மையாகத் தீட்டி உண்கிறார்கள். தவிடு பன்றித் தீவனமாகிறது. அரிசியைப் பலமுறை கழுவும்போது மிஞ்சிய சத்திலும் ஒரு பகுதி கழுநீரோடு போகிறது.

100 கிராம் அரிசியில் உள்ள தயாமின் அளவு வருமாறு:

தீட்டிய பச்சரிசி – 0.06 மில்லி கிராம்
கைக்குத்தல் பச்சரிசி – 0.21 மில்லி கிராம்
ஆலையில் அரைத்த புழுங்கல் அரிசி – 0.21 மில்லி கிராம்
கைக்குத்தல் புழுங்கல் அரிசி – 0.27 மில்லி கிராம்

நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்ணும் தாய்க்குத் தீட்டிய பச்சரிசியில் 0.24 மில்லி கிராமும், ஆலையில் அரைத்த புழுங்கலில் 0.84 மில்லி கிராமும் கிடைக்கும். சமையலில் போவது இதில் கழிக்கப்படவில்லை. பாலூட்டும் தாய்க்குத் தேவையோ சுமார் 1.5 மில்லி கிராம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்ததும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்ததும் இதனால்தான்.

செய்து பார்த்த வழிகள்

க்மெர் வீடுகளில் தினமும் மீன் குழம்புநீர் எனும் மீன் சாறு சமையலில் சேரும். பிரே வெங் மாகாணத்தில் 90 கர்ப்பிணிகளின் குடும்பங்களுக்கு 6 மாதம் மீன் சாறு கொடுக்கப்பட்டது. தயாமின் கூடுதலாகச் சேர்த்த சாற்றைப் பெற்ற வீடுகளில், தாய், குழந்தை இருவரின் இரத்தத்திலும் தயாமின் உயர்ந்ததாக 2016-ல் வெளியான முடிவு கூறுகிறது. பின்னர் கம்போங் தோம் மாகாணத்தில் 335 தாய்மார்களிடம் நடந்த ஆய்வில், தினம் 1.2 மில்லி கிராம் தயாமின் கூடுதலாகக் கொடுத்ததே தாய்ப்பாலில் அதன் அளவை நன்கு உயர்த்தப் போதுமானதாக இருந்தது. செலவு சிறிது, பலன் பெரிது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

1. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசியே நல்லது. வீட்டுத் தேவைக்கு அரைக்கும்போது அதிக வெண்மை வேண்டாம் என்று ஆலையில் சொல்லிவிட வேண்டும்.

2. தவிடு நீங்காத அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே நெல்லாகவே சேமித்து, சிறிது சிறிதாக அரைத்துக் கொள்ளலாம்.

3. அரிசியை ஓரிரு முறை மட்டும் கழுவவும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிக்கலாம்.

4. சோறு மட்டும் போதாது. 100 கிராம் நிலக்கடலையில் 0.90, உளுத்தம் பருப்பில் 0.42 மில்லி கிராம் தயாமின் உண்டு. வரப்பில் விளையும் உளுந்தில் ஒரு பங்கை விற்காமல் வீட்டுக்கு வைத்துக் கொள்ள வேண்டும்.

5. பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் பயறையும் நிறுத்தக் கூடாது. கம்போடியாவிலும் பேறுகாலக் கட்டுப்பாடுகள் உண்டு; சத்துக் குறைவு அங்கேதான் கடுமையாகிறது.

6. கைக்குழந்தை பால் மறுத்து, மூச்சு வாங்கி, குரல் கம்மினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தவிடு மாட்டுக்கு நல்ல தீவனம்தான். ஆனால் அதிலுள்ள சத்தில் வீட்டுத் தாய்க்கும் பங்கு உண்டு. நெல்லை அவித்து அரைத்தால் அந்தப் பங்கு சோற்றிலேயே தங்கும்.