ஆசான் அளித்த விடை

ஜூடோ என்னும் மற்கலையை வகுத்த ஜிகரோ கானோ 1860-ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தார். கல்வியில் சிறந்த அவர் மெலிந்த உடலினர். ஆதலின் பள்ளியில் வலிய மாணவரால் துன்புற்றார். மெலியோரும் வலியோரை வீழ்த்தத்தக்க ஜுஜுத்சு என்னும் பழங்கலை உண்டெனக் கேள்வியுற்று, அதனைக் கற்பிப்பாரைத் தேடினார். அக்கலையோ அந்நாளில் மதிப்பிழந்து கிடந்தது. 1877-ஆம் ஆண்டிலேயே புகுடா ஹச்சினோசுகே என்னும் ஆசானை அவர் அடைய முடிந்தது.

ஒருநாள் புகுடா அவரைத் தூக்கி எறிந்தார். கானோ எழுந்து, கையை எவ்வாறு வைப்பது, காலை எங்கு ஊன்றுவது என வினவினார். ஆசான் அருகே வருமாறு பணித்தார், மீண்டும் எறிந்தார். கானோ மீண்டும் வினவினார். மீண்டும் தரையில் கிடந்தார். பன்முறை பயின்றால் தானே விளங்கும் என்பதே இறுதியில் ஆசான் கூறிய விடை.

இதனை ஆசானின் வன்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. உடலின் எடை எக்காலில் சாய்ந்திருந்தது, பிடி எந்நொடியில் தளர்ந்தது என்பவற்றைச் சொல்லைக் காட்டிலும் வீழ்ச்சி விரைந்து உணர்த்துமன்றோ? கானோவின் மேனியில் காயம் இல்லாத நாள் அரிது. களிம்பு பூசிக்கொண்டே பயிற்சிக்குச் சென்றார். ஆயினும், தம் வினாவை அவர் கைவிட்டாரல்லர்.

புகுடா 1879-இல் மறைந்தார். பின்னர்க் கானோ, எறிதலில் வல்லவரான ஈகுபோ சுனெதோஷி என்பவரிடம் பயின்றார். அங்கும் வீழ்ச்சிகள் பல. வீழுந்தோறும், தாம் ஏன் வீழ்ந்தோம் என ஆராய்ந்தார். தள்ளப்பட்டவன் எதிர்த்துத் தள்ளுவான். அந்நொடியில் அவனை இழுத்தால் நிலைகுலைவான். நிலைகுலைந்தவனை எறிதல் எளிது. இவ்வுண்மை தெளிந்தபின், ஏறத்தாழ 1885-ஆம் ஆண்டில் ஒருநாள், ஆசானையே பலமுறை எறிந்தார். ஆசானால் அவரை எறிய இயலவில்லை. வியப்புற்ற ஈகுபோ காரணம் கேட்டார். மாணவர் விளக்கினார். அது சரியே என ஒப்பிய ஆசான், இனித் தாம் கற்பிக்க வேண்டுவது ஒன்றுமில்லை என்றார்; சின்னாளில் தம்மிடமிருந்த கலை ஏடுகளையும் அவருக்கு அளித்தார். மாணவன் சொல்லைச் செவிமடுக்கும் அப்பெருந்தன்மை எல்லா ஆசான்மாரிடத்தும் காணப்படுவதன்று.

இதற்கு முன்பே, 1882-இல், டோக்கியோ நகரத்துப் பௌத்தக் கோயில் ஒன்றில், 12 பாய்கள் கொண்ட சிறு கூடத்தில், கோடோகான் என்னும் பயிற்சிப் பள்ளியைக் கானோ தொடங்கியிருந்தார். அவர் வகுத்த பயிற்சி முறையில் மற்போருடன் விரிவுரையும் வினாவிடையும் இடம் பெற்றன. இளமையில் அவர் புகுடாவிடம் கேட்ட வினாக்களைக் கோடோகான் மாணவர் அமர்ந்து கேட்கலாயினர். விடை பெற்றபின் அவர்களும் எழுந்து சென்று பாயில் வீழ்ந்தனர்.