முதல் சம்பளம், முதல் கணக்கு: வருமான வரிக் கணக்கை நாமே தாக்கல் செய்வோம்



படிப்பை முடித்து, வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தை உம்மாவின் கையில் கொடுத்து மகிழ்ந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் பலர் இருக்கிறார்கள். ஓராண்டு கழித்து ஜூலை மாதம் வந்ததும் அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்கு வரியே கிடையாது. பிறகு எதற்கு கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்?" இன்னும் சிலர், "தெரிந்த ஒருவர் இருக்கிறார், பான் எண்ணும் பாஸ்வேர்டும் கொடுத்தால் அவரே பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களாலும் நம் பிள்ளைகளின் பணமும் நிம்மதியும் போகின்றன. ஆகவே இந்தப் பாடத்தைச் சற்றுப் பொறுமையாகப் படிப்போம்.

வரி இல்லை என்றாலும் கணக்கு உண்டு

ஒருவருக்கு மாதச் சம்பளம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை அவருடைய சம்பளம் 5,40,000 ரூபாய். புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். அது போக 4,65,000. சேமிப்புக் கணக்கில் வந்த வட்டி 3,000 ரூபாயைச் சேர்த்தால் 4,68,000. முதல் 4,00,000 ரூபாய்க்கு வரி இல்லை. மீதி 68,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 3,400 ரூபாய் வரி. ஆனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பிரிவு 87ஏ தள்ளுபடி தருவதால், அந்த 3,400 ரூபாயும் நீங்கிவிடுகிறது.

ஆக, கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் தள்ளுபடிக்கு முந்தைய வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் கணக்கு தாக்கல் செய்வது கட்டாயம். சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம். ஆனால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு. வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் அது 5,000 ரூபாய்.

கேட்காமல் திரும்பி வராத பணம்

இன்னொரு நிலைமை. நிறுவனம் ஒருவரை ஊழியராகச் சேர்க்காமல், 'கன்சல்டன்ட்' என்று ஒப்பந்தம் போட்டு மாதம் 30,000 ரூபாய் தருகிறது. அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு 27,000 ரூபாய்தான் கைக்கு வருகிறது. ஆண்டு வருமானம் 3,60,000. அதற்கு வரியே இல்லை. ஆனால் பிடித்த 36,000 ரூபாய் அரசிடம் இருக்கிறது. கணக்கு தாக்கல் செய்து கேட்டால்தான் அது ரீஃபண்டாக வங்கிக் கணக்குக்குத் திரும்பும். அலட்சியத்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான பணத்தை இழப்பவர்கள் உண்டு.

இப்படி வேலை செய்பவர்களுக்குப் படிவம் 16 வராது, 16ஏ வரும். இவர்கள் ஐ.டி.ஆர்-1 படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது. வேலையின் தன்மையைப் பொறுத்து ஐ.டி.ஆர்-3 அல்லது 4 வேண்டும். பங்குகளை வாங்கி உடனுக்குடன் விற்பவர்களுக்கும், வளைகுடாவுக்குச் சென்று வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டவர்களுக்கும் ஐ.டி.ஆர்-1 பொருந்தாது. இத்தகையவர்கள் முதல் முறை மட்டுமாவது தகுதியுள்ள ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே வருமானம் என்றால் வேலை எளிது. கட்டணமும் கிடையாது.

1. பான், ஆதார் இரண்டும் இணைந்திருக்க வேண்டும். வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் இணையதளத்தில் சொந்த கைப்பேசி எண், சொந்த மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

2. நிறுவனத்திடமிருந்து படிவம் 16 வாங்குங்கள். ஜூன் 15க்குள் அதைத் தர வேண்டும். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் இரண்டு நிறுவனங்களிடமும் வாங்க வேண்டும். இரண்டு இடத்திலும் தனித்தனியே கழிவு கொடுத்திருந்தால், சேர்த்துப் பார்க்கும்போது வரி பாக்கி வரலாம்.

3. இணையதளத்திலேயே படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டையும் பாருங்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியும், வங்கி கொடுத்த வட்டியும் அவற்றில் இருக்கும். படிவம் 16 உடன் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள்.

4. ஐ.டி.ஆர்-1 படிவத்தில் பல விவரங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். புதிய வரி முறைதான் இயல்பாக வரும். வீட்டு வாடகைப் படி, கல்விக் கடன் வட்டி போன்ற கழிவுகள் பழைய முறையில் மட்டுமே உண்டு. பழைய முறை வேண்டுமென்றால் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

5. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்யுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். உறுதி செய்யாத கணக்கு, தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம்.

நம்மவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

"வங்கி வட்டியை நாங்கள் தொடுவதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். அதையும் காட்ட வேண்டுமா?" காட்டத்தான் வேண்டும். அது உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறது. வங்கியும் அதைத் துறைக்குத் தெரிவித்திருக்கிறது. பிறகு என்ன செய்தீர்கள் என்பது வேறு விஷயம்.

"ஜகாத் கொடுத்ததற்கு வரிக் கழிவு உண்டா?" ஏழையின் கையில் நேரடியாகக் கொடுத்ததற்கு இல்லை. 80ஜி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில், உரிய சான்றிதழுடன் கழிவு கேட்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

'ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்' என்பவர்கள்

இதுதான் நாம் மிகவும் கவலைப்படும் இடம். சில இடைத்தரகர்கள், கட்டாத வாடகை, வாங்காத கல்விக் கடன், கொடுக்காத நன்கொடை ஆகியவற்றைக் கணக்கில் எழுதி, வரும் ரீஃபண்டில் பங்கு கேட்கிறார்கள். பதிவில் தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு துறை அனுப்பும் நோட்டீஸ் அவர்களுக்குத்தான் போகும்; பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூலையில் இத்தகைய பொய்க் கழிவுகளைக் குறித்து வருமான வரித் துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது.

பொய்யாக 20,000 ரூபாய் ரீஃபண்ட் வாங்கியவர் பிடிபட்டால், அந்தத் தொகையையும் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதோடு, மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 40,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. "எனக்குத் தெரியாது, அவர்தான் எழுதினார்" என்பது அங்கே செல்லாது. கணக்கின் கடைசியில், இதில் உள்ளவை எல்லாம் உண்மை என்று உறுதி கூறுவது நீங்கள்தான். பொய்யான ஒரு ரூபாய்க்கும் நம் பெயரை அடகு வைக்கக் கூடாது.

அதேபோல், "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகளை நம்ப வேண்டாம். பின் எண்ணையோ பாஸ்வேர்டையோ துறை ஒருபோதும் கேட்பதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

வாப்பா பல ஆண்டுகளாக ஒருவரிடம் கொடுத்துக் கணக்குப் பார்த்திருக்கலாம். பிள்ளையின் கணக்கைப் பிள்ளையே போடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போகும். தவறு நேர்ந்தால் திருத்திய கணக்கு தாக்கல் செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வீட்டுக் கடன், மேற்படிப்புக் கடன், வெளிநாட்டு விசா என எதற்குப் போனாலும் பழைய ஆண்டுகளின் கணக்கைக் கேட்கிறார்கள். அந்த நாளில் நேர்மையாகப் போட்ட கணக்கு கையில் இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், இந்த ஜூலை 31க்கு முன் நம் வீட்டில் முதல் சம்பளம் வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் தன் கணக்கைத் தானே தாக்கல் செய்யட்டும். சென்ற ஆண்டு செய்தவர்கள், பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுங்கள்.