மடக்குச் சோலார் பலகையும் மலைக்கூடாரமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் சூரிய வெப்பொளியினின்று மின்சாரம் பெறும் முறையைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். அங்ஙனம் எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

சென்ற மாசித் தொடக்கத்தில், மலைவாழ் மக்களின் தாலாட்டுக்களைத் திரட்டும் நோக்கத்துடன் யாம் நால்வர் நாமகிரிப்பேட்டையிலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை ஏறினோம். வல்வில் ஓரி ஆண்ட மலை என்னும் களிப்பு ஒருபுறம். மூன்று நாட்களுக்குரிய சுமை மறுபுறம். அச்சுமையில் நான்காக மடியும் 60 வாட் சோலார் பலகை ஒன்றும் இருந்தது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களினிடையே கூடாரம் அமைத்து, காலையிற் பலகையை விரித்துவைத்துவிட்டு ஊருக்குள் சென்றோம். அந்தியில் மூதாட்டி ஒருவர் தம் கொள்ளுப்பேரனைத் தொட்டிலிலிட்டுப் பாடத் தொடங்கினார். பாதிப் பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்த கைபேசி அணைந்தது. நிறைந்திருக்கும் என்று யாம் நம்பிய பவர் பேங்கோ ஏறக்குறைய வெறுமையாயிருந்தது. குழந்தை உறங்கிவிட்டது. மறுநாள் மீண்டும் பாடுமாறு வேண்டியபோது, "அழுவற புள்ள வேணும் தம்பி, சும்மா கேட்டா வராது" என்றார் அவ்வம்மையார்.

பிழை பலகையினுடையதன்று, எம்முடையதே. சிலிக்கன் கலம் ஒன்று தருவது அரை வோல்ட் அளவே. ஆதலின் பல கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தே வேண்டிய அழுத்தத்தைப் பெறுகின்றனர். வாய்க்காலை ஓரிடத்திற் கல்லிட்டு மறித்தால் கடைமடை வயல் காய்வதுபோல, அத்தொடரில் ஒரு கலத்தின்மேல் நிழல் விழினும் தொடர் முழுவதிலும் மின்னோட்டம் குன்றிவிடும். இதற்கு மாற்றாகப் பக்கவழியில் டயோடு வைப்பதுண்டு. அஃது இருப்பினும் நிழற்பட்ட பகுதியை விலக்கிச் செல்லுமேயன்றி, அப்பகுதியின் மின்சாரத்தை மீட்டுத் தாராது. மூன்று மடிப்பில் வெயிலும் ஒரு மடிப்பில் மரநிழலும் இருப்பின் முக்காற்பங்கேனும் கிடைக்கும் என யாம் எண்ணியது பேதைமை.

இதனை எமக்கு முதலில் உணர்த்தியது இயற்பியல் நூலன்று. மலையிறங்கி நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சட்களத்தருகே பேருந்திற்குக் காத்திருந்தோம். வேகவைத்த மஞ்சள் காய்வதற்குப் பத்துப் பதினைந்து நாள் வெயில் வேண்டும். கிடங்கின் நிழல் நகர்ந்து வருமுன்னரே மஞ்சளைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், யாம் பலகை விரிப்பதைக் கண்டு, "கண்ணு, செத்த நேரத்துல நெழலு அங்க வந்துரும், இந்தப் பக்கம் போடுங்க" என்றார். நிழலின் நடையை அவர் அறிந்திருந்தார், யாம் அறிந்திலேம்.

இனிக் கணக்கு. பலகையிற் பொறித்த 60 வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், கலத்தின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போது அளந்தது. நம் வெயிலில் கலம் 60 பாகை வரை சுடும். ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 அளவு குறைய, ஏழிலொரு பங்கு போய்விடும். எனவே பாறைமேற் படுக்கவைக்காமல், அடியிற் காற்றோட, தெற்கு நோக்கிச் சாய்த்தல் வேண்டும். மாசித் தொடக்கத்து நண்பகலில் இவ்வூர்ச் சூரியன் உச்சிக்குத் தெற்கே ஏறக்குறைய 24 பாகையில் நிற்பதால், அச்சாய்வே பொருந்தும். ஐந்து மணிநேர நல்வெயிலுக்குத் தாளில் 300 வாட்-மணி. வெப்பம், தூசி, மின்மாற்றத் தேய்வு எல்லாம் போக 180 என்று கொள்வதே விவேகம். 5000 மில்லியாம்பியர்-மணிக் கைபேசிக்கு 19 வாட்-மணியும், 5 வாட் விளக்கு நான்கு மணிநேரம் எரிய 20 வாட்-மணியும் போதும். நான்கு கைபேசிக்கும் ஒரு விளக்கிற்கும் 96. தாராளமன்றோ! மேகம் மறைக்குந்தோறும் பலகையின் மின்சாரம் ஏறியிறங்குமாதலின் பவர் பேங்க் வழியே ஏற்றுதல் நன்று. அதனை வெயிலிற் கிடத்தலாகாது. பலகையின் அடிநிழலிலே வைக்கலாம். நிழல் பயன்படுவது அவ்வோரிடத்தில்தான்.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் செய்த சிலிக்கன் கலம் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்று முதுகிற் சுமக்கும் பலகையே 20க்கு மேல் தருகின்றது. மடக்கும் வித்தையும் விண்வெளி கண்டதே: ஜப்பானியர் 1995இல் ஏவிய விண்கலத்தில், மியுரா என்னும் அறிஞர் வகுத்த காகித மடிப்புமுறையில் சோலார் விரிப்பொன்று விரிந்தது.

எம் கையேட்டில் அத்தாலாட்டின் பின்பாதிக்கு விட்ட இரண்டு பக்கம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. வரும் விடுமுறையில் மீண்டும் மலையேற எண்ணியுள்ளோம். தொட்டிற்குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கியிருக்கும்.