விடாது வேண்டல்

இரத்தல் என்னுஞ் சொல் தமிழர்க்குக் கேட்ட மாத்திரத்தே நாணத்தை விளைப்பது. திருவள்ளுவர் தம் நூலின் 106-ஆம் அதிகாரத்திற்கு இரவு எனவும், அதனையடுத்த 107-ஆம் அதிகாரத்திற்கு இரவச்சம் எனவும் பெயரிட்டனர். முன்னதில் இரத்தலுக்கு இடந்தந்தவர், பின்னதில் அதனை அஞ்சி அகலுமாறு கூறுகின்றார். இவை தம்முள் மாறுகொண்டனவோவென்று ஐயுறுவார்க்கு அவ்வதிகாரங்களே விடை தருகின்றன. உள்ளதை ஒளிக்கும் இயல்பினர்முன் கையேந்துதல் இழிவு. ஒளித்தலையே அறியாத பெருந்தகையாளரிடம் கேட்டல் இழிவன்று. எனவே, இரத்தலின் சிறுமையும் பெருமையும் கேட்கப்படுவோனது இயல்பைப் பற்றியே அமைவனவாம்.

இவ்வுண்மையை உளத்திற் கொண்டு, இடைவிடாத ஜெபத்தைக் குறித்து இயேசுபெருமான் அருளிய உவமைகள் இரண்டனை ஈண்டு ஆராய்வாம். இவ்விரண்டும் லூக்கா சுவிசேஷத்தில் மட்டுமே காணப்படுவன. 11-ஆம் அதிகாரத்தில், ஒருவன் நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பங் கேட்கின்றான். கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகளும் உறங்குகின்றனர் என்று உள்ளிருந்து மறுமொழி வருகின்றது. நட்பின்பொருட்டு எழாதவனும், கேட்போனது விடாப்பிடியின்பொருட்டு எழுவான் என்கின்றார் பெருமான். அவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் நிற்குஞ் சொல், நாணமின்மை எனப் பொருள்படுவதாம். 18-ஆம் அதிகாரத்திலோ, தேவனுக்கு அஞ்சாதவனும் மனிதரை மதியாதவனுமாகிய நியாயாதிபதி ஒருவன்பால் ஏழை விதவையொருத்தி பன்முறை சென்று நீதி கேட்கின்றாள். அவளது அலட்டல் தாங்காது அவன் இணங்குகின்றான்.

இவற்றைப் படிக்கும் மாணாக்கர்க்கு உடனே ஓர் ஐயம் எழும். தேவன் உறங்கும் நண்பனையும் கொடிய நீதிபதியையும் ஒப்பவரோ? ஒப்பவரல்லர். நம் உரையாசிரியர் கைமுதிக நியாயம் என்று வழங்கும் முறையே ஈண்டு ஆளப்பட்டுள்ளது. எளியது நிகழுமாயின் அதனினும் உறுதியானது நிகழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ எனக் காட்டுவது அம்முறை. அநீதியுள்ளவனே இறுதியிற் செவிசாய்ப்பானாயின், அன்பே உருவான பரமபிதா செவிசாய்ப்பாரென்பதில் ஐயமென்னை? ஒளித்தலறியாதார் வாயிலில் இரப்போன் நாணுதற்குக் காரணமில்லை. இதுவே அவ்விரண்டு உவமைகளின் உயிர்நிலை.

மற்றோர் ஐயமும் உண்டு. நாம் கேட்குமுன்னரே நம் தேவைகளைத் தேவன் அறிவார். வீண் சொற்களைப் பெருக்கலாகாதென்று மலைப்பிரசங்கத்திற் பெருமானே கற்பித்துள்ளார். அங்ஙனமாயின் மீண்டும் மீண்டுங் கேட்பதேன்? சொற்பெருக்கம் வேறு, விடாமை வேறு. சொல்லைப் பெருக்குவோன் தன் சொல்லின் மிகுதியை நம்புகின்றான். விடாது வேண்டுவோன் கேட்டருள்வோனை நம்புகின்றான். இவ்வேறுபாட்டினை எலியா தீர்க்கதரிசியிடம் தெளிவாகக் காணலாம். மழை பெய்விப்பதாகத் தேவன் முன்னரே அவருக்கு வாக்களித்திருந்தார். எனினும் அவர் வாளாவிருந்திலர். கர்மேல் மலையின்மீது முகம் முழங்கால்களினிடையே படியத் தரைமட்டுங் குனிந்தார். கடற்பக்கம் நோக்கிவருமாறு ஊழியனை ஏவினார். ஒன்றுமில்லையென்று வந்தவனை மறுபடியும் மறுபடியும் அனுப்பினார். ஏழாம் முறையிலேயே உள்ளங்கையளவான மேகமொன்று தோன்றிற்று. கொடுக்க மனமில்லாதவரிடத்துப் பறித்துக்கொள்ளும் வழியாக அவர் ஜெபத்தைக் கருதவில்லை. கொடுப்பேனென்றவரைப் பற்றிக்கொண்டு காத்திருந்தார்.

இனி, யாவற்றினும் அரியதொரு வினா உளது. நம் விடுதித் தோழர் ஒருவர் நோயுற்ற தம் தந்தைக்காகப் பன்னாள் ஊன்றி ஜெபித்தார். தந்தையார் மறைந்தபின், "நான் இன்னுஞ் சற்று மன்றாடியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ?" என்று நம்மை வினவினார். விடாமையைப் புகழ்வோர் எவரும் இவ்வினாவைக் கடந்து செல்லுதல் தகாது. எண்ணியும் நிறுத்தும் பயன்கொள்ளும் வாணிகமாக ஜெபத்தை ஆக்குவோமாயின், துயருற்றார் தலையிற் பழியையும் ஏற்றியவராவோம். பவுல் அப்போஸ்தலர் தம்மை வருத்திய முள் நீங்குமாறு மும்முறை வேண்டினார்; அது நீங்கவில்லை, அதனைத் தாங்கும் கிருபையே அருளப்பட்டது. கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரும் மும்முறை வேண்டினார், பாத்திரம் அகலவில்லை. அவரினும் ஊன்றி ஜெபித்தவர் யார்? அவரது விசுவாசத்திற் குறைகாண்பவர் யார்? ஆகலின், கேட்டது கிடையாத ஜெபத்தைக் குறைபட்ட ஜெபமென்று கொள்ளற்க.

திருச்சபை வரலாற்றில் மோனிக்கா அம்மையாரின் வாழ்க்கையும் இதனை விளக்கும். வட ஆப்பிரிக்காவில் 354-ஆம் ஆண்டு பிறந்த அவர் மகன் அகுஸ்தீன், கல்வியிற் சிறந்தும் நெறியினின்று விலகினார். மகனுக்காகத் தாய் ஆண்டுக்கணக்கிற் கண்ணீருடன் ஜெபித்துவந்தார். 383-ஆம் ஆண்டில் அகுஸ்தீன் கார்த்தேஜ் நகரினின்று ரோமாபுரிக்குச் செல்லத் துணிந்தபோது, அவர் கடல் கடவாதிருக்க வேண்டுமென்று அன்னையார் ஓர் ஆலயத்தில் இரவு முழுதும் வேண்டினார். அவ்விரவிலேயே மகன் தாயை ஏமாற்றிக் கப்பலேறினார். வேண்டுதல் வீணாயிற்றென்றே அன்று எவரும் எண்ணியிருப்பர். ஆயினும், இத்தாலி சென்ற அகுஸ்தீன் மிலான் நகரில் அம்புரோஸ் அத்தியட்சரின் பிரசங்கங்களைக் கேட்டார், 386-இல் மனந்திரும்பினார், 387-இல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே அன்னையாரும் தம் விருப்பம் நிறைவேறக்கண்டு ஒஸ்தியாவில் உயிர்நீத்தார். ஓரிரவின் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அவ்வேண்டுகோளுக்கு வேராயிருந்த பல்லாண்டு வேண்டுகோள் நிறைவேறிற்று.

எல்லா மறுப்பிற்கும் இங்ஙனம் காரணம் புலப்படுமென்று சொல்ல நாம் துணியோம். நம் தோழர்க்கு அஃது இன்னும் புலப்படவில்லை. எனினும் அவர் வைகறை ஜெபத்தை விட்டாரல்லர். தம் தாய்க்காகவும் தம்பியர்க்காகவும் நாடோறும் முழங்காற்படியிடுகின்றார். விடாமையின் பொருளை இதனினும் நன்கு உரைக்க நம்மால் இயலாது.

அன்புள்ள மாணாக்க நண்பர்காள்! பரீட்சை நெருங்குங்கால் மிகுந்து, அது கழிந்தபின் மெலிவதன்று மெய்யான ஜெபம். நள்ளிரவில் தட்டியவன் தன் பசிக்காகவன்றி, வழிப்பயணத்தால் இளைத்துவந்த விருந்தினனுக்காகவே அப்பங் கேட்டான் என்பதனையும் மறவாதிருப்போம். நம் அறையின் அயலிலே நோயாலோ வறுமையாலோ வாடுவோர் பெயரைக் குறித்துவைத்து, நாளொன்றுக்கு ஒருமுறையேனும் அவர்க்காகக் கேட்போம். கேட்டபின் அவர்க்கு நம் கையால் இயன்றதையுஞ் செய்வோம்.

விதவையின் உவமையை முடிக்கும்போது, மனுஷகுமாரன் திரும்ப வருங்கால் பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ என்னும் வினாவினையே பெருமான் இறுதியாக விடுத்தார். தேவன் கேட்பாரோவென்று நாம் வினவுகின்றோம். நாம் கேட்டுக்கொண்டேயிருப்போமோவென்று அவர் வினவுகின்றார். அதற்கு விடை கூறவேண்டியவர் நாமே.